ஊருக்கொரு பீர்: தண்ணீரா, ஈஸ்ட்டா, இல்லை வெறும் லேபிளா?

பார்லிப்பையன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

பில்ஸன் நகரில் பில்ஸ்னர், கொலோனில் கொல்ஷ், பாம்பெர்க்கில் புகை பீர், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய கிராமங்களில் லாம்பிக். ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணில் பிறந்தது, அங்கே குடித்தால்தான் குடித்த மாதிரி என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு சின்ன ப்ரூவரி எந்த மூலையில் இருந்தாலும் செக் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஜெர்மன் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), பாக்கெட் ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) என்று எல்லாவற்றையும் வரவழைத்து இதில் பாதியையாவது ஒரே கூரையின் கீழ் காய்ச்சிவிடுகிறது. அப்படியென்றால் வட்டார பீரில் வட்டாரம் எங்கே இருக்கிறது?

என் கட்சி தண்ணீர். பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதுதான். பில்ஸன் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் அந்தத் தங்க நிற பீரில் ஸாட்ஸ் என்ற செக் வகை ஹாப்ஸின் கசப்பு உறுத்தாமல் வந்து போகிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீர் இதற்கு நேர்மாறு. ஜிப்சம் வழியாக ஊறி வருவதால் அதில் சல்ஃபேட் அதிகம். அங்கே காய்ச்சிய பேல் ஏல் என்ற வெளிர் நிற பீரின் கசப்பு வெடுக்கென்று, வறட்சியாக முடியும். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் அப்போதுதான் உரசிய தீக்குச்சியைப் போல ஒரு கந்தக வாடை. அதற்கு 'பர்ட்டன் ஸ்னாட்ச்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

உங்களுக்குப் பிடித்த வட்டார பீர் எது? அது அந்த ஊருக்கே உரியது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஈஸ்ட்டுமாமா:

தம்பி, தண்ணீர்க் கட்சிக்கு என் ஓட்டு கிடையாது.

தண்ணீரை மாற்றுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. 19ஆம் நூற்றாண்டிலேயே மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்து 'பர்ட்டன் தண்ணீர்' செய்யக் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஆர்ஓ இயந்திரம் எல்லா உப்பையும் உருவிவிடும். வேண்டியதை எடை போட்டுத் திரும்பச் சேர்த்தால் முடிந்தது. டப்ளின் தண்ணீர் கடினமானது, அதனால்தான் அங்கே ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பிறந்தது என்று பாடம் நடத்துவார்கள். ஆனால் கின்னஸ் ஆலைக்கு விக்லோ மலைப்பக்கத்திலிருந்து வருவது மென்தண்ணீர்.

உங்கள் பில்ஸனையே எடுத்துக்கொள்வோம். 1838இல் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் பீர் சகிக்கவில்லை என்று பீப்பாய் பீப்பாயாக நகரமன்றத்தின் முன்னால் கொட்டினார்கள். அப்போதும் இதே தண்ணீர்தானே? பிறகு கூட்டாகப் பணம் போட்டுப் புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசஃப் க்ரோல் என்பவரை அழைத்துவந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். தண்ணீரும் பார்லியும் ஹாப்ஸும் உள்ளூர். ஆளும், அடியில் படிந்து குளிரில் நொதிக்கும் லாகர் ஈஸ்ட்டும் பவேரியாவிலிருந்து வந்தவை. மால்ட்டைக் கருக்காமல் வெளிர் நிறத்தில் உலர்த்தும் முறையோ ஆங்கிலேயர்களிடமிருந்து எடுத்தது. உலகம் முழுக்கக் காப்பியடித்த வட்டார பீரில் பாதி வெளியூர்!

என் கட்சி என்னவென்று பெயரைப் பார்த்தாலே தெரியும். பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கிறதே, அதில் இரண்டையும் யாரும் போடுவதில்லை. வாழைப்பழம் ஐசோஅமைல் அசிடேட், கிராம்பு 4-வினைல் குவாயகால். இரண்டும் அந்த ஈஸ்ட்டின் கைவேலை. அதே கோதுமைச் சாற்றில் ஒரு சாதாரண அமெரிக்க ஏல் ஈஸ்ட்டை (லாகர் போலக் குளிரில் அல்ல, மிதமான சூட்டில் நொதிப்பது) போட்டுப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

இன்னும் நல்ல சாட்சி வேண்டுமென்றால் நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைகளுக்குப் போக வேண்டும். அங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டு ஈஸ்ட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பெயர் க்வெய்க். துளையும் கண்ணியுமாகச் செதுக்கிய மரவளையத்தை நொதிக்கும் பீரில் முக்கி எடுத்து, உலர்த்தி, அடுத்த முறை வரை மாட்டி வைப்பார்கள். சாதாரண ஏல் ஈஸ்ட்டை 20 டிகிரி பக்கத்தில் வைத்துக் கொஞ்ச வேண்டும். இது 35, 40 டிகிரியில்கூட அசராமல் ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். வோஸ் பகுதி க்வெய்க்கில் ஆரஞ்சுத் தோல் மணம் வரும். வட்டாரம் என்றால் அது.

தண்ணிப்பாம்பு:

மாமா, ஒரு சந்தேகம். 1516இல் வந்த பவேரியத் தூய்மைச் சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றுதானே இருக்கிறது? உங்கள் ஈஸ்ட்டை யாருமே கண்டுகொள்ளவில்லையே :)

ஈஸ்ட்டுமாமா:

கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சட்டத்தில் எழுதுவது? நொதித்தல் உயிருள்ள ஒன்றின் வேலை என்பதே பாஸ்டர் காலத்தில்தான் உறுதியானது. அதுவரை பழைய பாத்திரத்தின் அடியில் தேங்கியதை எடுத்துப் புதியதில் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்தை வளர்த்தெடுத்தார். கார்ல்ஸ்பெர்க் அதைப் பூட்டி வைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் லாகர்கள் எல்லாம் ஒரே சாயலில் மாறியதற்கும் இதில் பங்கு உண்டு.

அந்த லாகர் ஈஸ்ட்டே ஒரு கலப்பு என்பது தெரியுமா? ஒரு தாய், ஏல் காய்ச்சும் சாதாரண ஈஸ்ட். இன்னொரு தாய் யாரென்று தெரியாமலே இருந்தது. 2011இல் அர்ஜென்டினாவின் படகோனியாக் காடுகளில், பீச் (beech) என்ற காட்டு மரங்களில் வரும் கட்டிகளில் அதைக் கண்டுபிடித்து ஸாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கசப்புப்பிரியை:

ரெண்டு பேரும் ஆய்வகத்தை விட்டு வெளியே வாருங்கள். குடிக்கிறவள் பக்கமிருந்து சொல்கிறேன்: தண்ணீரும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. உள்ளூர் பீர் நன்றாக இருப்பதற்கு முதல் காரணம், அது எங்கேயும் பயணம் போகவில்லை.

ஹாப்ஸின் மணம் மாதிரி அற்பாயுசு வேறு எதற்கும் கிடையாது. புதிதாக டேப்பிலிருந்து இறங்கும், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பீரில் ஆரஞ்சு, மாம்பழம், பைன் மரப் பிசின் என்று மூக்கைத் துளைக்கும். அதே பீர் கன்டெய்னரில் கடல் தாண்டி, கிடங்கில் வெயில் காய்ந்து, கடை அலமாரியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன மிஞ்சும்? மணமெல்லாம் போய், கசப்பும் தேன் மாதிரி ஒரு மந்தமான இனிப்பும், போகப்போக நனைந்த அட்டைப்பெட்டி வாடையும். ஆக்சிஜனும் சூடும் செய்கிற வேலை. இதைக் குடித்துவிட்டு 'ஐபிஏ எனக்குப் பிடிக்காது' என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

வெளிச்சம் இன்னொரு எமன். ஹாப்ஸின் கசப்புப் பொருளில் ஒளி பட்டால், பீரிலேயே இருக்கும் ரைபோஃப்ளேவினின் உதவியோடு, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவான ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகும். நல்ல வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். பச்சை ஏறக்குறைய சும்மா. கேனுக்குள் ஒளியே போகாது. தெளிந்த பாட்டிலில் விற்பவர்களில் சிலர் ஒளிக்கு அசையாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அதனால் நான் முதலில் தேடுவது தேதியை. 'இதற்குள் குடிக்கவும்' தேதி அல்ல, அடைத்த தேதி. அதை அச்சடிக்கிற ப்ரூவரி மீது எனக்குத் தனி மரியாதை.

பார்லிப்பையன்:

அக்கா, ஐபிஏவுக்குச் சரி. எல்லா பீருக்கும் புதிதுதான் நல்லது என்று சொல்ல முடியாதே? லாம்பிக் வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடக்கிறது.

கசப்புப்பிரியை:

விதிவிலக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். புளிப்பு பீர்கள், பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட் மாதிரி ஆல்கஹால் கூடுதலாக உள்ளவை எல்லாம் வைக்க வைக்க மாறும், சில சமயம் மேம்படும். ஆனால் நாம் சாதாரணமாகக் குடிப்பதில் பெரும்பகுதி அந்த வகை இல்லை.

லாம்பிக் பற்றி எழுத மாமாவை விட்டால் ஆள் இல்லை. மாமா, தொடங்குங்கள்.

ஈஸ்ட்டுமாமா:

கூப்பிட்டுவிட்டீர்கள், இனி நிறுத்தக்கூடாது.

பாயோட்டன்லாந்து, ஸென் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பிரஸ்ஸல்ஸுக்குள்ளும் அதன் தென்மேற்குப் பக்கமும். அங்கே காய்ச்சியவர் ஈஸ்ட் போடுவதே இல்லை. பார்லி மால்ட்டோடு முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேரும். ஹாப்ஸ் மணத்துக்காக அல்ல, வேண்டாத பாக்டீரியாவை அடக்குவதற்காக. அதனால் பழசாகி மணமெல்லாம் போன ஹாப்ஸைத்தான் போடுவார்கள். கொதித்த சாற்றை மேல்மாடியில் அகன்ற, ஆழமில்லாத ஒரு தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து விடுவார்கள். அந்தக் குளிர்தொட்டியிலிருந்து ஆவி எழுந்து கூரை மரத்தில் படியும். காற்றில் உள்ளதும் கூரையில் உள்ளதும் இறங்கும். குளிர்காலத்தில் மட்டும்தான் இது நடக்கும். கோடையில் காற்றில் கெட்டது கூடிவிடும்.

அப்புறம் பீப்பாய்க்குள் ஒரு பெரிய ஊர்வலம். முதலில் குடல்வகை பாக்டீரியா, பிறகு சாதாரண ஈஸ்ட், பல மாதம் கழித்துப் புளிப்பேற்றும் பெடியோகாக்கஸ், கடைசியாக பிரெட்டனோமைசிஸ். குதிரைத் தோல், பழைய தோட்டம், உலர்ந்த புல் என்றெல்லாம் வர்ணிக்கிறார்களே, அது கடைசியில் வருகிறவரின் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று வருஷ லாம்பிக்கைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் மறுபடி நொதித்து வாயு பிடிக்கும். அதுதான் கூஸ். ஷாம்பெயின் பாட்டில், கம்பி கட்டிய தக்கை. திறந்தால் சத்தத்தோடு வரும். முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஈர மரம், நாக்கின் ஓரமெல்லாம் எச்சில். விழுங்கிய பிறகு சர்க்கரையின் தடயமே இருக்காது, அவ்வளவு வறட்சி. உடனே இன்னொரு வாய் வேண்டும் போலிருக்கும்.

கான்டியோன் என்ற ஆலை 1900இலிருந்து பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. அங்கே சிலந்தி வலையைக்கூடக் கலைக்க மாட்டார்கள். பழ ஈக்களைப் பிடிக்கும் காவலாளிகள் ஆயிற்றே. இப்போது சொல்லுங்கள், இதையும் பாக்கெட்டில் வரவழைப்பீர்களா?

அரைக்கிளாஸ்:

மாமா, வரவழைக்க வேண்டாம். அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் அலகாஷ் ப்ரூவரி 2007இல் அதே மாதிரிக் குளிர்தொட்டி கட்டி, அங்குள்ள காற்றையே நம்பிக் காய்ச்சுகிறது. அபாரமான பீர். ஆனால் லாம்பிக் என்று பெயர் வைப்பதில்லை. முறையைப் பெல்ஜியத்திலிருந்து எடுத்துக்கொண்டு, விளைந்ததைத் தன் இடத்துக்கே உரியதாக விற்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. வட்டார பீர் வேறு ஊரில் பிறக்காது என்பதில்லை, பிறந்தால் அந்த ஊர் பீராகப் பிறக்கட்டும்.

தண்ணிப்பாம்பு:

எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது, ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே. நான் இந்த விஷயத்துக்குப் புதுசு. இதுவரை குடித்ததெல்லாம் பெரிய கம்பெனி லாகர். நண்பர்கள் 'கிராஃப்ட் பீர் என்றால் இதுதான்' என்று டபுள் ஐபிஏவைக் கையில் திணித்தார்கள். வேப்பிலைச் சாறு மாதிரி இருந்தது. கறுப்பு பீர் என்றால் போதை தூக்கியடிக்கும் என்று பயம். கசப்பு குறைவாக, எட்டு கிளாஸ் குடிக்காமலே எனக்குப் பிடித்தது எதுவென்று கண்டுபிடிக்க வழி உண்டா?

அரைக்கிளாஸ்:

இதற்காகத்தான் என் பெயரே அரைக்கிளாஸ். தம்பி, உட்காருங்கள்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமில்லை. கறுப்பு என்பது வறுத்த மால்ட்டின் நிறம், அவ்வளவுதான். டேப்பில் வரும் கின்னஸ் ஸ்டவுட் 4.2 சதவீதத்துக்குப் பக்கம், உங்கள் லாகரைவிடக் குறைவாகவே இருக்கும். அதேசமயம் பளபளவென்று மஞ்சளாக நிற்கும் பெல்ஜியன் ட்ரிபெல் 8, 9 சதவீதம். பார்த்தால் பசு.

அடுத்தது வரிசை. ருசி பார்க்கும் சின்னக் கிளாஸ்கள் நான்கு ஐந்து அடங்கிய தட்டு பல ப்ரூவரிகளில் கிடைக்கும். மெல்லியதிலிருந்து கனத்துக்கு, கசப்பு குறைவிலிருந்து கூடுதலுக்குப் போங்கள். புளிப்பையும் புகையையும் கடைசிக்குத் தள்ளுங்கள். டபுள் ஐபிஏவுக்குப் பின்னால் பில்ஸ்னர் வந்தால் அது வெறும் சோடா மாதிரிதான் படும். அது பில்ஸ்னரின் குற்றமல்ல.

பரிமாறுபவரிடம் 'எது நல்லா இருக்கும்?' என்று கேட்காதீர்கள். அவருக்குப் பிடித்ததோ, தீர்க்க வேண்டிய கெக் பீப்பாயோதான் வரும். 'கசப்பு வேண்டாம், ரொட்டி வாசனை பிடிக்கும், இனிப்பாக முடியக்கூடாது' என்று சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் என்றால் கண் விரியும், ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். எந்த கெக் நேற்று மாட்டியது என்றும் கேளுங்கள். அது கசப்புப்பிரியை அக்கா சொன்ன தேதி விஷயத்துக்கு டேப்பில் உள்ள வழி.

உங்கள் விருப்பத்துக்கு கொல்ஷ் வகையில் தொடங்கலாம். லாகர் போலத் தெளிவு, ஆனால் ஏல் ஈஸ்ட். அதைக் குளிரில் வைத்து அடங்கவிடுவதால் ஆப்பிள், பேரிக்காய் சாயலில் ஒரு மெல்லிய மணம் மட்டும் மிஞ்சும். பிறகு பவேரிய ஹெல்லஸ் என்ற வெளிர் லாகர். அப்புறம் கோதுமை பீர். நிறம் கறுத்தது வேண்டுமென்றால் ஜெர்மன் ஷ்வார்ட்ஸ்பியர் அல்லது இங்கிலாந்தின் மைல்டு. மைல்டு பெரும்பாலும் 4 சதவீதத்துக்குக் கீழே. பெர்லினர் வைஸ அதைவிடக் குறைவு, ஆனால் புளிக்கும்.

இன்னொன்று, ஐஸ் மாதிரி குளிர்ந்ததை உடனே எடைபோடாதீர்கள். குளிர் மணத்தை அமுக்கிவிடும். லாகர் 5, 6 டிகிரியில் சரி. ஏல்களுக்கு 8 முதல் 12 வரை. கேஸ்க் என்ற, உள்ளேயே நொதித்து முடியும் பீப்பாயிலிருந்து வரும் ஆங்கில ஏலைப் பாதாள அறைச் சூட்டில், 11 முதல் 13 டிகிரியில் தருவார்கள். 'சூடாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, பாவம். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் தட்டை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு மோந்து மட்டும் பாருங்கள். பாதி ருசி மூக்கில்தான்.

கசப்புப்பிரியை:

அரைக்கிளாஸ் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கிளாஸைப் பாருங்கள். பீரை ஊற்றியதும் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸில் அழுக்கோ எண்ணெய்ப் பசையோ இருக்கிறது. சுத்தமான கிளாஸ் என்றால் நுரை உயர்ந்து நிற்கும், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையமாகச் சுவரில் படியும். கிளாஸே சரியில்லாத இடத்தில் அந்த ஊர் பீரைப் பற்றி முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

டபுள் ஐபிஏவை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும் :)

புகைக்கூண்டு:

இத்தனை நேரம் சும்மா இருந்தேன், பாம்பெர்க் பெயரை எடுத்துவிட்டு யாரும் பேசவே இல்லையே!

அங்குள்ள ஷ்லென்கெர்லா ஆலையின் மேர்ட்ஸன் என்ற புகை பீர். மரப்பீப்பாயிலிருந்து நேராக இறங்கும். அடர் பழுப்பு, கிட்டத்தட்ட கறுப்பு. மேலே காவி நிற நுரை. கிளாஸ் உதட்டுக்கு வரும் முன்பே பீச் விறகின் புகை முகத்தில் அடிக்கும். முதல் வாயில் புகையைத் தவிர எதுவும் தெரியாது. சிலர் அங்கேயே கிளாஸை வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். பாதிக் கிளாஸுக்கு மேல் மூக்கு பழகிப் புகை பின்னால் போய்விடும், அடியில் இருந்த மால்ட்டின் இனிப்பும் சுத்தமான லாகர் முடிவும் முன்னால் வரும். இரண்டாவது கிளாஸில் தான் அந்த பீரையே பார்ப்பீர்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் விறகுத் தீயில் மால்ட் உலர்த்திய எல்லா ஊரிலும் பீரில் புகை இருந்தது. அதை யாரும் சிறப்பு என்று நினைக்கவில்லை, தொல்லை என்றே நினைத்தார்கள். புகை படாமல் உலர்த்தும் சூளைகள் வந்ததும் ஒவ்வொரு ஊராகப் புகையைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் ஒன்றிரண்டு ஆலைகள் விடவில்லை, ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. மற்றவர்கள் விட்டதை இவர்கள் விடவில்லை.

கோஸே கதை தெரியுமா? கோஸ்லாரில் பிறந்து லைப்ஸிக்கில் கொண்டாடப்பட்ட புளிப்பு பீர், உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டது. 1966இல் காய்ச்சுபவர் இல்லாமல் அற்றே போனது. தண்ணீர் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. 1980களில் ஒருவர் பழைய கோஸே விடுதி ஒன்றை மீட்டுத் திறந்து, நினைவு வைத்திருந்த முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு மறுபடி காய்ச்ச வைத்தார். இன்று உலகமெங்கும் போடுகிறார்கள், பழமெல்லாம் கலந்து. ஒரு பீரை உள்ளூர் ஆக்குவது, தினம் வந்து அதையே கேட்கிற ஆட்கள் தான்.

பார்லிப்பையன்:

அண்ணே, இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆட்கள் கேட்டால் மட்டும் போதுமா? கொல்ஷுக்குச் சட்டமே இருக்கிறது. 1986இல் கொலோன் ப்ரூவரிகள் ஒப்பந்தம் போட்டு, ஊரிலும் அதை ஒட்டியும் காய்ச்சியதற்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று முடிவு செய்தார்கள். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. பில்ஸ்னருக்கு அப்படி எதுவும் இல்லாததால் எந்த மஞ்சள் தண்ணீரையும் பில்ஸ்னர் என்று விற்கிறார்கள்.

புகைக்கூண்டு:

சட்டம் பெயரைக் காப்பாற்றும், பழக்கத்தைக் காப்பாற்றாது. கொலோன் விடுதியில் போய் உட்கார்ந்து பாருங்கள். நீல உடையில் கோபெஸ் என்று அழைக்கப்படும் பரிமாறுபவர், வட்டத் தட்டில் 200 மில்லி ஒல்லிக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு சுற்றுவார். உங்கள் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்ததை வைத்து, கிளாஸின் அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூட வேண்டும். சின்னக் கிளாஸ் என்பதால் பீர் சூடாகவோ வாயு இறங்கவோ நேரமே கிடைக்காது. அதே கொல்ஷை அரை லிட்டர் மக்கில் ஊற்றினால் கடைசிப் பாதி சொத்தை. அந்த பீரில் கிளாஸும் கோபெஸும் சேர்த்தி.

செக் நாட்டில் ஊற்றும் விதமே ஒரு கலை. பக்கவாட்டுக் குழாயின் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, முதலில் ஈர நுரையை நிரப்பி, பிறகு அதன் அடியில் பீரைச் செலுத்துவார்கள். அதே குழாயில் கிளாஸ் முழுக்க நுரையாகவே தருவதும் உண்டு, அதற்குப் பால் என்று அர்த்தம் வரும் பெயர். இனிப்பாக, வெண்ணெய் மாதிரி வழுக்கும். நின்றால் கரைந்துவிடும் என்பதால் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும்.

அரைக்கிளாஸ்:

ஆட்கள் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1971இல் இங்கிலாந்தின் கேஸ்க் ஏலுக்காகக் கேம்ரா இயக்கம் தொடங்கியதும் குடிக்கிறவர்கள்தான், காய்ச்சுகிறவர்கள் அல்ல. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த மத்தியத் தடையை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அப்படி வீட்டில் கிண்டிப் பழகியவர்கள் பிறகு திறந்த ப்ரூவரிகள் ஏராளம்.

ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டும் போனவையும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி. 1965இல் மூடப்போன நிலையில் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். கிராஃப்ட் பீர் அலையே அங்கிருந்துதான் புறப்பட்டது என்பார்கள். 2017இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்தின் கைக்குப் போனது, 2023இல் நடவடிக்கைகளை நிறுத்தியது.

ஈஸ்ட்டுமாமா:

ஆங்கர் ஸ்டீம் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. லாகர் ஈஸ்ட்டை ஐஸ் இல்லாத ஊரில், ஏல் சூட்டில், ஆழமில்லாத தொட்டியில் நொதிக்க வைத்த பீர். வசதிக் குறைவே வட்டார ருசியாக மாறியதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

புகைக்கூண்டு சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி ஈஸ்ட்.

தண்ணிப்பாம்பு:

அரைக்கிளாஸ் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். பரிமாறியவர் கொல்ஷ் வகையில் ஒன்றும், கோதுமை பீரும், ஷ்வார்ட்ஸ்பியரும் சின்னக் கிளாஸில் வைத்தார். கோதுமை பீர் வாழைப்பழம் அதிகம், எனக்கு ஒத்துவரவில்லை. ஷ்வார்ட்ஸ்பியர்தான் ஆச்சரியம்! கறுப்பாக இருந்துகொண்டு இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கடித்த மாதிரி. அதையே முழுக் கிளாஸாக வாங்கினேன்.

இன்னொரு இடத்தில் குடித்த பில்ஸ்னரில் வெண்ணெய் பாப்கார்ன் வாசனை தூக்கலாக வந்தது. அது அந்த வகையின் குணமா, கோளாறா?

கசப்புப்பிரியை:

அது டயசெட்டில். செக் லாகர் சிலவற்றில் லேசாக இருக்கும், அங்கே அதைக் குறையாக நினைப்பதில்லை. தூக்கலாக வந்தால் கோளாறு. ஒன்று, பீரை அவசரமாக ஈஸ்ட்டிலிருந்து பிரித்திருப்பார்கள். ஈஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுத்தால் அதுவே டயசெட்டிலைத் திரும்ப உறிஞ்சிவிடும். இல்லையென்றால் டேப் குழாயைக் கழுவாமல் விட்டு பாக்டீரியா சேர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய, அதே குழாய்வரிசையில் வேறு பீரைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். அதிலும் வெண்ணெயோ வினிகர்ப் புளிப்போ வந்தால் குழாய்தான். மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறு கேளுங்கள், நல்ல இடம் என்றால் முகம் கோணாமல் மாற்றித் தருவார்கள். வேகவைத்த சோள வாசனை வந்தால் அது வேறு கதை, டைமெதில் சல்ஃபைடு. சாற்றைப் போதுமான நேரம் கொதிக்க விடாததால் வருவது.

ஷ்வார்ட்ஸ்பியர் பிடித்தது என்றால் அடுத்து பவேரிய டுங்கெல், செக் கறுப்பு லாகர். இரண்டிலும் கருகல் குறைவு, ரொட்டி அதிகம்.

பார்லிப்பையன்:

மாமா, கடைசியாக ஒன்று. கூஸ் ஒரு பாட்டில் கைக்கு வந்திருக்கிறது. படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா?

ஈஸ்ட்டுமாமா:

வருஷக்கணக்கில் வைப்பதாக இருந்தால் லாம்பிக்காரர்கள் படுக்க வைப்பதுதான் வழக்கம், இருட்டில், 12 டிகிரி பக்கத்தில். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். தக்கையைத் துணி போட்டுப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். ஒரே ஊற்றில் எல்லாக் கிளாஸையும் நிரப்பிவிடுங்கள், பாட்டிலை நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் வண்டல் கலங்கிவிடும். யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள், 750 மில்லி தனி ஆளுக்கு அதிகம்.